ஒரு வீட்டில் ஓர் அடுப்பு

அந்த வாக்கியத்தை டைப் செய்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"சமையல் வசதி என்பது அடுப்பு, அல்லது அடுப்பைப் பொருத்துவதற்கான எரிவாயு இணைப்பு. ஒரு கட்டடத்தில் எத்தனை சமையல் வசதிகள் உள்ளனவோ, அத்தனை குடியிருப்பு அலகுகள் உள்ளதாகக் கொள்ளப்படும்."

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டுப் பிரிவில் எழுத்தர் வேலை எனக்கு. விதிப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சொல் விளக்கங்கள். வேலி என்றால் என்ன, முற்றம் என்றால் என்ன, கொட்டகைக்கும் கட்டடத்துக்கும் என்ன வித்தியாசம். அவற்றை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. பக்கத்து ஊரின் புத்தகத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவோம். பக்கத்து ஊர் அதற்குப் பக்கத்து ஊரிடமிருந்து எடுத்திருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்த மூலையில் எல்லா ஊரும் அப்படித்தான்.

இந்த வாக்கியம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தது. அங்கே வீட்டுக்காரர்கள் கீழ்த்தளத்தில் ஓர் அடுப்பை வைத்துவிட்டு, கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அதைத் தடுக்க எழுதியது. அங்கே அது சரி.

எங்கள் ஊரில் கடற்கரை இல்லை. ஓர் ஆறு, மூடிய மூன்று ஆலைகள், மூடாத ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலை. ஊரில் பாதிப் பேர் போர்த்துகீசிய அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இரண்டு சமையலறைகள் உண்டு. மேலே இருப்பது விருந்தாளிகள் பார்க்க. அதில் எதையும் பொரிக்க மாட்டோம். கீழே இருப்பதுதான் சமைக்க. மீன் வறுப்பது, மிளகாய் அரைப்பது, சாப்பிடுவது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். இது எனக்குத் தெரியாததல்ல. நான் வளர்ந்ததே ஒரு கீழ்த்தளச் சமையலறையில்.

என் மனைவி லீடியா ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பத்தொன்று. பிப்ரவரி ஏழாம் தேதி நான் அந்த வாக்கியத்தை டைப் செய்தேன். அலுவலகத்தில் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் போனேன். வீட்டில் என்ன செய்வது?

மே மாதம் ஊர்க் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. முப்பத்தெட்டாவது தீர்மானம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கை தூக்கினேன்.

அக்டோபரில் எங்கள் வாட்டர் ஹீட்டர் ஒழுகியது. புதிதாக ஒன்று வாங்கினேன். எங்கள் தெருவில் இதற்கெல்லாம் யாரும் அனுமதி எடுப்பதில்லை. சனிக்கிழமை ஒரு மச்சான் வருவான், மாட்டிவிட்டுப் போவான். நான் ஊராட்சியில் வேலை செய்கிறவன். அனுமதிச் சீட்டு எடுத்தேன். அதனால் கட்டட ஆய்வாளர் வந்தார்.

அவர் பெயர் பிக்னெல். கெட்ட மனிதர் இல்லை. ஹீட்டரைப் பார்த்தார், தலையசைத்தார். திரும்பியபோது அடுப்பைப் பார்த்தார். அதன் மேல் கீரை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு குளியலறை.

"இங்க யாரு இருக்காங்க, துவார்த்தே?"

"என் மாமியார்."

"மேலயும் அடுப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். என் மாமியார் தோனா இடலீனா அவருக்கு ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றிக் கொடுத்தார். மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக்கூடக் கொடுப்பார். பிக்னெல் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது.

சட்டவிரோதமான இரண்டாவது குடியிருப்பு அலகு. முப்பது நாளுக்குள் சமையல் வசதியை அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் அந்த அலகில் யாரும் வசிக்கக் கூடாது. அந்த அடுப்பை லீடியாவின் மறைந்த அப்பா 1989இல் வைத்தார். விதிக்கு முன்பே இருந்தது என்று காட்டினால் விட்டுவிடுவார்கள். காட்ட ஒரு காகிதம் வேண்டும். அவர் எந்தக் காகிதமும் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் யார் வாங்கினார்கள்?

கடிதத்தைத் தோனா இடலீனாவுக்குப் படித்துச் சொன்னேன். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. திரைச்சீலைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகத் தையல் வேலை. எல்லாவற்றையும் ஒரே முறையில் கேட்டுப் புரிந்துகொள்வார்.

"சரி. அடுப்ப எடுத்தா நானும் போறேன்."

"எங்க போவீங்க?"

"ஃப்ளோரிடாவுல தம்பி வீடு இருக்கு. அவன் பொண்டாட்டிக்கு என்னைப் புடிக்காது. எனக்கும் அவளப் புடிக்காது. சமாளிச்சுக்குவோம்."

"மேல சமைக்கலாமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அது என் பொண்ணோட அடுப்பு. அவ வாங்கினது. அதுல நான் கை வைக்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ சமைச்சுக்க. முட்டை வேகவைக்கத் தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஜனவரியிலிருந்து நான் சாப்பிட்டதெல்லாம் அவர் சமைத்தது. அவரும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதை நினைத்தபோது முதல் முறையாக எனக்குள் ஏதோ அசைந்தது. துக்கம் என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

மேல்முறையீடு செய்தேன்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி மாலை விசாரணை. ஊராட்சி மன்றத்தின் சின்னக் கூடம். மேல்முறையீட்டு வாரியத்தில் ஐந்து பேர். தலைவர் திருமதி ஹாத்தவே, ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். கடைசி நாற்காலியில் ஜில் பொட்டேலோ, வீடு விற்கும் தரகர். எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெரு. அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆறு பர்னர் அடுப்பு இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு ஆட்டுக்கறி அங்கேதான் வெந்தது.

வழக்கமாக நான் அந்த மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பேன். அன்று எதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் தோனா இடலீனா, கோவிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டில். குறிப்பெடுக்க வேறு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

பிக்னெல் விதியைப் படித்தார். அடுப்பு இரண்டு, ஆகவே அலகு இரண்டு என்றார். இரண்டே நிமிடம்.

நான் சொன்னேன், இது வாடகை வீடு இல்லை, ஒரே குடும்பம், ஒரே வாசல், ஒரே தபால்பெட்டி.

திருமதி ஹாத்தவே கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஃபுர்ட்டாடோ, இந்த அம்மா உங்களுக்கு யாரு?"

"மாமியார்."

"உங்க மனைவி காலமாயிட்டாங்க. ரொம்ப வருத்தம். எங்க எல்லாருக்கும் வருத்தம்." எல்லோரும் தலையசைத்தார்கள். "ஆனா விதியில குடும்பம்னா ரத்த உறவு, தத்து, இல்லன்னா திருமண உறவு. அந்தத் திருமணம் இப்ப..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவை இல்லாத மாதிரி கையை மட்டும் லேசாக விரித்தார்.

"இப்ப என்ன?" என்றேன்.

"சட்டப்படி கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் அந்த வீட்டில் இருக்கிறேன். என் மனைவி இறந்ததால் நான் அந்தப் பெண்மணிக்கு யாரோ ஆகிவிட்டேன் என்று ஒரு பள்ளி முதல்வர் எனக்குச் சொல்கிறார். மாடியில் குடியிருக்கும் ஆசாமி. கீழே குடியிருக்கும் கிழவி. இரண்டு அலகு.

"சரி, வேற மாதிரி கேக்குறேன்," என்றார் அவர். "ஒரே குடும்பமா வாழ்றீங்கன்னா வாரியம் யோசிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடுறீங்களா?"



உண்மை இதுதான். ஜனவரியிலிருந்து நான் கீழே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த மேஜையில் லீடியா எங்கே உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். தோனா இடலீனா தட்டை மாடிப்படியின் மூன்றாவது படியில் வைப்பார். நான் எடுத்துக்கொண்டு மேலே போவேன். கழுவிய தட்டை அதே படியில் வைப்பேன். ஒன்பது மாதமாக அப்படித்தான். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை.

தோனா இடலீனா எழுந்தார். அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் கற்றது. உரக்கப் பேசும் ஆங்கிலம், இயந்திரங்களுக்கு மேலே கேட்க வேண்டுமல்லவா.

"இல்ல. ஒண்ணாச் சாப்பிடல. நான் படியில வைப்பேன், இவன் எடுத்துட்டுப் போவான். என் பொண்ணு செத்துட்டா. இவனால மேஜைல உக்கார முடியல. எனக்கும்தான் முடியல. ஆனா எனக்குக் கால் வலிக்கும், அதனால உக்காந்துடுறேன். அதுக்காக ரெண்டு வீடுன்னு சொல்வீங்களா? உங்க வீட்டுல யாராவது செத்தா அடுத்த நாள் எல்லாரும் சேர்ந்து உக்காந்து கேக் சாப்பிடுவீங்களா?"

"அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க."

"ஜில்!" அவர் கடைசி நாற்காலியைப் பார்த்தார். பிறகு போர்த்துகீசிய மொழியில் பேசினார். "நீ சொல்லுடா. உன் பொண்டாட்டி எங்க சமைக்கிறா? நேத்திக்கு அவ மீன் வறுத்த வாசனை எங்க தெரு வரைக்கும் வந்துச்சே!"

பொட்டேலோ காகிதங்களை அடுக்கினார். காது சிவந்திருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் திருமதி ஹாத்தவே.

"ஒண்ணுமில்ல," என்றார் பொட்டேலோ. "சாப்பாட்டப் பத்தி."

திருமதி ஹாத்தவே என் பக்கம் திரும்பினார். "இன்னொரு விஷயம். இந்த விளக்கம் உங்க அலுவலகத்துலேர்ந்துதானே வந்துச்சு? வரைவுல உங்க பேரு இருக்கு, மிஸ்டர் ஃபுர்ட்டாடோ."

"ஆமா. நான்தான் டைப் பண்ணேன்."

தோனா இடலீனா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு. என் பக்கம் மூன்று பேர், எதிராக இரண்டு பேர். திருமதி ஹாத்தவே என் பக்கம்தான் வாக்களித்தார், அதையும் சொல்ல வேண்டும். எதிராக வாக்களித்தவர்களில் ஒருவர் ஜில் பொட்டேலோ. ஆறு பர்னர் அடுப்பு வைத்திருப்பவன், அதைப் பற்றி யாரும் யோசித்துவிடக் கூடாது என்று கையைத் தூக்கினான். ஆய்வாளரின் முடிவை மாற்ற ஐந்தில் நான்கு வாக்கு வேண்டும். மூன்று பேர் நான் சொல்வது சரி என்றார்கள், நான் தோற்றேன். அந்த விதியையும் நான் பலமுறை டைப் செய்திருக்கிறேன். ஒருமுறைகூட அநியாயமாகத் தோன்றியதில்லை.

காரில் பாலம் வந்ததும் தோனா இடலீனா கேட்டார்.

"எப்ப டைப் அடிச்ச?"

"பிப்ரவரி ஏழு."

அவர் விரல்களில் எண்ணினார். "ஒம்பதாவது நாள்."

"ஆமா."

"படிச்சுப் பாத்துதான் அடிச்சியா?"

"பாத்தேன். மண்டைல ஏறல."

வாகன விளக்குகள் ஆற்றில் நீண்டு தெரிந்தன. அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம் நான் பதினாலு திரைய தலைகீழாத் தைச்சேன். பூவெல்லாம் கீழ பாத்துத் தொங்குது. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொல்லல. பிரிச்சுத் திரும்பத் தைக்கக் குடுத்தாரு." என் பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ்ல பிரிக்கவே முடியாதா? கல்லுலயா எழுதி வெச்சிருக்கீங்க?"

"ஊர்க் கூட்டத்துல மாத்தலாம். அடுத்த கூட்டம் மே மாசம்."

"எனக்கு முப்பது நாள்."

"இனி பதினேழு நாள்தான். மத்தது போயிடுச்சு."

"நல்லாக் கணக்குப் பண்ற," என்றார் கசப்பாக. "வாரியத்துல வாய் வரல, இங்க வருது."

மறுநாள் அலுவலகத்தில் அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன். முதல் முறையாக உண்மையாகவே படித்தேன் என்று சொல்ல வேண்டும். எத்தனை சமையல் வசதிகள் உள்ளனவோ அத்தனை அலகுகள். ஒன்று இருந்தால் ஒன்று. எந்த ஒன்று என்று அதில் இல்லை. மேலே இருக்க வேண்டும் என்று இல்லை. கடற்கரை ஊர்க்காரனுக்கு அது தோன்றியிருக்காது. அவன் வீட்டில் மேலே இருப்பதுதான் சமையலறை.

பிளம்பரைக் கூப்பிட்டேன். உரிமம் உள்ளவர். அனுமதிச் சீட்டும் எடுத்தேன். என் மேஜையிலேயே படிவம் நிரப்பி, என் மேஜையிலேயே முத்திரை குத்தினேன். பிளம்பர் வந்து மேல் சமையலறையில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இதையா? புதுசா இருக்கே!"

"இதைத்தான்."

"கீழ இருக்கிறது முப்பது வருஷப் பழசுய்யா."

"தெரியும்."

அது நீல நிற அடுப்பு. லீடியா மூன்று கடைகள் ஏறி இறங்கி அந்த நிறத்தைக் கண்டுபிடித்தாள். அம்மாவுக்குப் போட்டியாக அதில் கேக் செய்வாள். உள்ளே தட்டில் சர்க்கரை கரிந்த கறை ஒன்று இருந்தது. பிளம்பர் இணைப்பைக் கழற்றிக் குழாயை அடைத்து, முனையைக் காறை பூசி மூடினார். ஆட்கள் இரண்டு பேர் அடுப்பைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கதவு நிலையில் இடித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பு இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவும் ஒரு வாக்கியத்துக்காக என்று மட்டும் தோன்றியது.

தோனா இடலீனா வேலை முடிந்து வந்து மேலே ஏறிப் பார்த்தார். வெற்றிடத்தைப் பார்த்தார். அடைத்த சுவரைக் கையால் தடவினார். கீழே இறங்கிப் போனார். பாத்திரங்களை உருட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இருபத்தெட்டாவது நாள் பிக்னெல் வந்தார். முதலில் கீழே போனார்.

"அடுப்பு அப்படியே இருக்கே?"

"மேல வாங்க."

மேலே வந்து பார்த்தார். குனிந்து சுவரைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. யாரும் மேல இருக்கிறத எடுக்க மாட்டாங்களே, துவார்த்தே."

"எடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

"இருக்குன்னு சொல்லல. வீட்டை விக்கும்போது என்ன பண்ணுவ? மேல சமையலறை இல்லாத வீட்டை எவன் வாங்குவான்?"

"சமையல் வசதி எத்தனை?"

"ஒண்ணு."

"அலகு எத்தனை?"

"ஒண்ணுதான்ப்பா."

"எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு படியில் இறங்கும்போது கொஞ்சம் தயங்கினார். அடுப்பின் மேல் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, பூண்டும் மிளகு சேர்த்த பன்றித் தொத்திறைச்சியும் மணத்தன. தோனா இடலீனா முதுகைக் காட்டி நின்றார். திரும்பவில்லை. கிண்ணம் எடுக்கவில்லை. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் அந்த வீட்டில் இருந்த எட்டு வருடத்தில் அவர் யாரையும் அப்படி அனுப்பியதில்லை.

பிக்னெலுக்குப் புரிந்தது. "நான் விதிய எழுதல, அம்மா," என்றார். "வேற மாதிரி எழுதினா வேற மாதிரி செய்வேன்."

கதவு மூடியது.

தோனா இடலீனா இரண்டு கிண்ணங்களை மேஜையில் வைத்தார். படியில் வைக்கவில்லை.

"உக்காரு."

"எனக்குக் கோபமா இருக்கு, தோனா இடலீனா."

"யாருக்கு இல்ல? கோபத்தோடயே சாப்பிடு. எவன் வேணாம்னான்?"

உட்கார்ந்தேன். எந்த நாற்காலி என்று நான் யோசித்தது அவருக்குத் தெரிந்திருக்கும். சூப் சூடாக இருந்தது, நாக்கு சுட்டது.

"மே மாசக் கூட்டத்துல மாத்தணும்னா என்ன வேணும்?"

"மனு. பத்து வாக்காளர் கையெழுத்து."

"பத்தா?" அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நம்ம தெருவுல மட்டும் கீழ அடுப்பு வெச்சிருக்கிற வீடு இருபத்திரண்டு. எல்லாரும் கடுதாசி வரலன்னு வாயப் பொத்திக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாசல்ல நிக்கிறேன். ஒவ்வொருத்தியா பேரச் சொல்லிக் கூப்பிடுறேன். உன் வீட்டுல ரெண்டு அடுப்பு, கையெழுத்துப் போடுறியா இல்ல சத்தமாச் சொல்லட்டுமான்னு."

"அது மிரட்டல்."

"ஆமா." ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். "முதல்ல ஜில் பொண்டாட்டி. அவ போடுவா. கீழ சமைக்கக் கூடாதுன்னா அவ எங்க சமைப்பா? மேல இருக்கிற அடுப்புக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கல அவ."

நான் அனுமதிச் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சமையல் வசதி என்பது. கோடு போட்டு அடித்தேன். குடியிருப்பு அலகு என்பது. அதையும் அடித்தேன். பக்கத்து ஊர்ப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"என்ன எழுதுற?"

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"நம்ம வீட்டுல எப்படி இருக்கோமோ அப்படி எழுது," என்றார், எழுந்து எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றியபடியே. "அதுக்குப் படிப்பு வேற வேணுமா?"